‘பெயிண்டட் பீப்பிள்’ (1924) படம் எங்க போச்சு, திரும்பி வருமா?

நீங்க கேட்டிருந்தது இது: ஹாலிவுட் மௌனப்பட நடிகை க்ளாரா போ பத்தி படிச்சிட்டு இருந்தப்போ ‘பெயிண்டட் பீப்பிள்’னு 1924ல வந்த ஒரு படத்தோட பேரு கண்ணுல பட்டுச்சு, யூடியூப்ல ஆரம்பிச்சு எல்லா இடத்துலயும் தேடிட்டேன், எங்கயும் இல்ல, ‘லாஸ்ட் ஃபிலிம்’னு மட்டும் போட்டிருக்காங்க, உலகத்துல ஒருத்தர்கிட்டகூடவா ஒரு காப்பி இருக்காது, இனிமே கிடைக்க வாய்ப்பு உண்டா?

நேரா பதில் சொல்லிடறேன். ஆன்லைன்ல தேடுறத நிறுத்திடலாம், ஏன்னா இன்னைக்கு தேதிக்கு எந்த ஆவணக் காப்பகத்துலயும் அந்தப் படத்தோட காப்பி இருக்கிறதா பதிவு இல்ல. ‘லாஸ்ட்’னு போடுறதுக்கு அர்த்தம் அவ்வளவுதான், கடைசி காப்பி எரிஞ்சத யாரோ நின்னு பார்த்தாங்கன்னு அர்த்தம் இல்ல. அதனால ஒரேயடியா தலைமுழுகவும் வேண்டாம். ஏன் இப்படி சொல்றேன்னு புரியணும்னா படத்துல இருந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஃபர்ஸ்ட் நேஷனல்னு அப்போ ஒரு பெரிய கம்பெனி இருந்துச்சு, அவங்க படம் இது, டைரக்டர் க்ளாரன்ஸ் பேட்ஜர். மூலக்கதை ரிச்சர்ட் கான்னல்னு ஒரு பத்திரிகைக் கதாசிரியர் எழுதினது, ஆள வேட்டையாடுற வேட்டைக்காரன் கதை ஒண்ணு ஸ்கூல் பாடத்துல எல்லாம் வருமே, அத எழுதினவரேதான். கதைன்னு பார்த்தா தொழிற்சாலை ஊர்ல வளர்ற ஒரு துடுக்கான ஏழைப் பொண்ணு, அக்கம்பக்கத்துல ஒரு பையன், ரெண்டு பேருக்கும் ஆசை வசதியான வீட்டு ஆளுங்க மேல, அந்த உயரத்துக்குப் போகணும்னு ஊர விட்டுக் கிளம்புறாங்க, முன்னுக்கு வந்தப்புறம்தான் நாம தேடினது பக்கத்துலயே இருந்துச்சேன்னு தெரியவருது. பாதி சிரிப்பு, பாதி கண்ணீர்னு போற குடும்பப் படம், அந்தக் காலத்துல இந்த மாதிரி காமெடி டிராமாதான் வாராவாரம் தியேட்டர்களுக்கு சோறு போட்டுச்சு. ஹீரோ பென் லயன், பின்னாடி நடிப்ப விட்டுட்டு ஃபாக்ஸ் ஸ்டுடியோவுல நடிகர் தேர்வு அதிகாரியா இருந்தப்போ 1946ல நார்மா ஜீன்ங்கிற பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்து மர்லின் மன்றோவா ஆக்கினதுல இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹீரோயின் காலீன் மூர். என்னைப் பொறுத்தவரை இந்தப் படம் இல்லாம போனதோட வலி முழுக்க இந்தம்மா கதைக்குள்ளதான் இருக்கு.

காலீன் மூர பத்தி இன்னைக்கு பலருக்குத் தெரியாது, ஆனா 1920களோட நடுப்பகுதியில அமெரிக்காவுல டிக்கெட் வசூல்ல முதல் வரிசையில நின்ன நடிகை. மிச்சிகன் மாநிலத்துல போர்ட் ஹியூரன்ங்கிற ஊர்ல பிறந்தவங்க, சொந்தப் பேரு கேத்லீன் மாரிசன். அவங்களுக்கு ஒரு கண்ணு பழுப்பு, இன்னொரு கண்ணு நீலம். இன்னைக்கு அது அழகு, அன்னைக்கு பெரிய பிரச்சனை, ஏன்னா அப்போ இருந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நீல நிறம் கிட்டத்தட்ட வெள்ளையாத்தான் தெரியும், நீலக் கண்ணு இருக்கிறவங்க பல பேரு திரையில பேய் மாதிரி வெளுத்துப் போய் தெரிஞ்சாங்க. அதனால சினிமாவுக்குள்ள விடுறதுக்கு முன்னாடி ரெண்டு கண்ணும் ஒண்ணு போல பதிவாகுதான்னு பார்க்க சிகாகோவுல கேமரா டெஸ்ட் எடுத்தாங்க, அதுல தேறினப்புறம்தான் வாய்ப்பு. சில வருஷம் சாதாரண வேஷங்கள்ல காலம் ஓடுச்சு, 1923ல ‘ஃப்ளேமிங் யூத்’ வந்தப்போ எல்லாம் தலைகீழா மாறிடுச்சு. அந்த வேஷம் கிடைக்கணும்னு அம்மாவே கத்திரிக்கோல எடுத்து நீள முடிய வெட்டி, நெத்தியில நேர்கோடா முடி விழுற மாதிரி பொம்மைக் கிராப் ஆக்கிவிட்டாங்க, அப்புறம் நாடு முழுக்க பொண்ணுங்க அந்த கிராப்ப வெட்டிக்க ஆரம்பிச்சாங்க. ‘பெயிண்டட் பீப்பிள்’ அந்த அலை எழும்பின உடனே, 1924 ஆரம்பத்துல வந்தது. ஒரு நடிகை ஸ்டார் ஆகிற அந்த மாசங்கள்ல எப்படி நடிச்சாங்கன்னு பார்க்கணும்னா இந்தப் படம்தான் வேணும், அதுதான் இல்ல.

இப்போ க்ளாரா போ கதைக்கு வர்றேன், நீங்க அந்தப் பேர பிடிச்சுதான் இங்க வந்திருக்கீங்க. ப்ரூக்ளின்ல வறுமையில வளர்ந்து பத்திரிகைப் போட்டியில ஜெயிச்சு 1923ல ஹாலிவுட் வந்த பொண்ணு, வயசு 18. அவங்கள ஒப்பந்தம் போட்டு வச்சிருந்த கம்பெனி இந்தப் படத்துக்கு இரவல் கொடுத்துச்சு, காலீன் மூருக்குத் தங்கச்சி வேஷம். க்ளாரா காலீன்கிட்ட எனக்கு இந்த வேஷம் பிடிக்கல, உங்க வேஷம்தான் வேணும்ங்கிற தோரணையில பேசினாங்களாம். டைரக்டர் க்ளாராவுக்கு ஒரு க்ளோசப் வைக்கப் பார்க்க காலீன் வேண்டாம்னு தடுத்துட்டாங்க, படத்தோட ஸ்டாரு அவங்க, புருஷன் ஜான் மெக்கார்மிக் அதே கம்பெனியில பெரிய ஆளு, யாரு மறுத்துப் பேசுவா. க்ளாராவுக்கு ரொம்ப நாளா சைனஸ் தொந்தரவு இருந்துச்சு, அந்தக் கோபத்துல அன்னைக்கு சாயங்காலமே போய் அதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. முகத்துல கட்டு, ஷூட்டிங் நிக்குது, வேற வழியில்லாம கம்பெனி அந்த வேஷத்துக்கு வேற நடிகையப் போட்டு எடுத்த சீன்களத் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. அதாவது படம் நாளைக்கே கிடைச்சாலும் திரையில வர்ற தங்கச்சி க்ளாரா இல்ல, இத நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் விலாவாரியா சொல்றேன். ஆனா ஒண்ணு பாருங்க, இந்த செட்டுல க்ளோசப்புக்கு சண்டை போட்ட அதே பொண்ண வச்சு அதே க்ளாரன்ஸ் பேட்ஜர்தான் 1927ல ‘இட்’ படத்த எடுத்தார், ‘இட் கேர்ள்’னு உலகமே கொண்டாடினது அதுக்கப்புறம்தான். அந்தப் படத்துக்கு இந்தக் கதையில இன்னொரு வேலையும் இருக்கு, பின்னாடி வர்றேன்.

சரி, படம் எங்க போச்சு. முதல்ல ஃபிலிம் எதால செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கணும். 1950களோட ஆரம்பம் வரைக்கும் 35 எம்எம் படச்சுருள் எல்லாமே செல்லுலோஸ் நைட்ரேட். திரையில அதோட பளபளப்புக்கு இன்னைக்கு வரைக்கும் ஈடு இல்லன்னு பார்த்தவங்க சொல்வாங்க. ஆனா தீப்பிடிச்சா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது, எரியறதுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதுக்குள்ளயே இருக்கு, தண்ணிக்குள்ள முக்கினாலும் எரியும். தீப்பிடிக்காம இருந்தாலும் சும்மா இருக்காது, தானாவே கெட்டுப் போகும். ஒரு தடவை வயசான தியேட்டர் ஆபரேட்டர் ஒருத்தர் தன் வீட்டுப் பரண்ல இருந்து ஒரு தகர டப்பாவ எடுத்துக் காட்டினார், மூடிய நெம்பித் திறந்ததும் முகத்துல அடிச்ச வாடை இன்னும் மூக்குல இருக்கு, துவைக்காத சாக்ஸையும் ஏதோ மருந்தையும் கலந்தா எப்படி இருக்கும், அப்படி. மேல்சுத்து தேன் மாதிரி பழுப்பாகி நுரை கட்டியிருந்துச்சு, விரல் வச்சா ஒட்டுது, அதுக்குக் கீழ சுத்துக்கு சுத்து ஒட்டிக்கிட்டு ஒரே கட்டியா இறுகிப் போயிருந்துச்சு. ஓரத்துல உதிர்ந்து கிடந்த பழுப்புத் தூள் இருக்கே, அதுதான் கடைசி நிலை, அதுக்கப்புறம் படம்னு ஒண்ணு கிடையாது. நடுவுல ரெண்டு மூணு ஃப்ரேம்ல மட்டும் ஒரு பொம்பளயோட கை தெரிஞ்சுது, யாரு கை, என்ன படம், ஒண்ணும் தெரியல. அவர் மூடிய திரும்பப் போட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஆனா எல்லாப் பழியையும் ரசாயனத்து மேல போட்டுட்டா அது நியாயம் இல்ல. குளிர்ச்சியா, ஈரம் தாக்காம வச்சிருந்தா நைட்ரேட் 100 வருஷம் தாண்டியும் நல்லா இருக்கு, நல்லா இருக்கிற சுருள்கள் இன்னைக்கும் ஓடுது. பெரும்பாலான படம் போனதுக்குக் காரணம் யாருக்கும் அது வேண்டாம்னு ஆனதுதான். அன்னைக்கு ஒரு படத்தோட ஆயுசு ரெண்டு வருஷம். பெரிய ஊர் அரண்மனை தியேட்டர்கள்ல ஓடி, அப்புறம் நம்ம பாஷையில சொன்னா பி சென்டர், சி சென்டர்னு இறங்கி, கீறல் விழுந்து கந்தலானப்புறம் படப்பெட்டி, கம்பெனிக்கே திரும்பும், அங்க பிரிண்ட்ட வெட்டி அழிச்சுடுவாங்க இல்ல கழுவி அதுல இருக்கிற வெள்ளிய எடுத்துடுவாங்க. டிவி கிடையாது, வீடியோ கிடையாது, மறு ரிலீஸ் பண்ணி காசு பார்க்கிறது அபூர்வம். 1927ல இருந்து பேசும்படம் வர ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல மௌனப்படத்துக்கு சந்தை சுத்தமா செத்துப் போச்சு, அதுக்கப்புறம் நெகட்டிவ் வச்சிருக்கிறதே கம்பெனிகளுக்கு தண்டச்செலவு, குடோன் வாடகை, தீ இன்ஷூரன்ஸ். 1948ல யுனிவர்சல் தன்கிட்ட மிச்சம் இருந்த மௌனப்பட நெகட்டிவ்கள வேணும்னே அழிச்சுது. ஃபாக்ஸ் கம்பெனிக்கு நியூஜெர்சியில லிட்டில் ஃபெர்ரின்னு ஒரு ஊர்ல குடோன் இருந்துச்சு, 1937 ஜூலையில வெயில் கொளுத்தின ஒரு நாள் ராத்திரி அது தீப்பிடிச்சு வெடிச்சதுல அந்தக் கம்பெனியோட மௌனப்படங்கள்ல பெரும்பகுதி ஒரே ராத்திரியில போச்சு, பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தனும் தீக்காயத்துல இறந்து போனான். படம் போனத பத்திப் பேசுறவங்க அந்தப் பையன சேர்த்து நினைக்கணும்.

அரசாங்கத்துகிட்ட ஒரு காப்பி இருக்கணுமே, காப்பிரைட் பதிவு பண்ணும்போது கொடுத்திருப்பாங்களேன்னு தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. 1912க்கு முன்னாடி படத்த ஃப்ரேம் ஃப்ரேமா காகிதச் சுருள்ல பிரிண்ட் போட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துல கொடுத்து பதிவு பண்ணாங்க, அந்தக் காகிதத்தால பல ஆரம்பகாலப் படம் பிழைச்சுது. 1912ல சட்டம் மாறி படத்த படமாவே பதியலாம்னு ஆச்சு, ஆனா தீ ஆபத்து இருக்குன்னு நூலகம் அந்த நைட்ரேட் பிரிண்ட்ட கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துட்டு கதைச்சுருக்கம் மாதிரி எழுத்து ஆவணங்கள மட்டும் வச்சுக்கிச்சு. அதனால 1924ல வந்த ஒரு படத்துக்குக் காகிதத்துல கதை இருக்கும், படம் இருக்காது.

‘பெயிண்டட் பீப்பிள்’ எடுத்த ஃபர்ஸ்ட் நேஷனல் 1928ல வார்னர் பிரதர்ஸ் கம்பெனி கைக்குப் போச்சு. வாங்கினவங்களுக்கு வேண்டியது ஸ்டுடியோ இடமும் தியேட்டர் தொடர்பும், பழைய மௌனப்படம் யாருக்கு வேணும். கம்பெனி கைமாறும்போது முதல்ல அனாதையாகிறது பழைய நெகட்டிவ்தான், இது எந்த நாட்டு சினிமாவுக்கும் பொருந்தும்.

இங்கதான் காலீன் மூர் திரும்ப வர்றாங்க, எனக்கு மனசு கேட்காத இடமும் இதுதான். அவங்க தன் படங்கள மதிச்சவங்க. தன் கைவசம் காப்பி வச்சிருந்தாங்க, 1944ல அதுல இருந்து 15 படத்த நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாங்க. 1935லயே படங்களுக்குன்னு தனிப் பிரிவு தொடங்கின இடம் அது, அதவிட பத்திரமான இடம் அன்னைக்கு யாருக்குத் தெரியும். பல வருஷம் கழிச்சு என் படமெல்லாம் எப்படி இருக்குன்னு விசாரிச்சா, பாதுகாப்பு நகல் எடுக்காமலேயே கிடந்து சிதைஞ்சு போயிருந்துச்சு. ‘ஃப்ளேமிங் யூத்’ படத்துல இன்னைக்கு மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு ரீல், கிட்டத்தட்ட 10 நிமிஷம், அது நாடாளுமன்ற நூலகத்துல இருக்கு. ஒரு தலைமுறைப் பொண்ணுங்களோட நடை உடை பாவனையவே மாத்தின படத்துல மிச்சம் 10 நிமிஷம்!

இன்னொண்ணும் சொல்லியாகணும். அதே காலீன் மூர் 1928ல ஆரம்பிச்சு ஏழு வருஷம் பொம்மை வீடு ஒண்ணு கட்டினாங்க, சுமார் 5 லட்சம் டாலர் செலவு, நூலக அறையில கட்டைவிரல் நகம் அளவு புத்தகங்கள், அதுல அந்தக் காலத்து எழுத்தாளர்கள் கைப்பட எழுதினது, குழாயத் திறந்தா தண்ணி வரும். குழந்தைகள் நலனுக்காக அத ஊர் ஊரா கொண்டு போய்க் காட்டி நிதி திரட்டினாங்க, அப்புறம் சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துல வச்சாங்க, இன்னைக்கும் அங்க கூட்டம் நின்னு பார்க்குது. அதுக்கு ஆள் போட்டு, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு குட்டித் தட்டையும் தூசி தட்டிப் பார்த்துக்கிறாங்க. அந்தக் கவனிப்புல ஒரு பங்கு கிடைச்சிருந்தா அவங்க படங்கள் இருந்திருக்கும்.

இழப்பு எவ்வளவுன்னு கணக்கும் இருக்கு. திரைப்பட வரலாற்றாளர் டேவிட் பியர்ஸ் நாடாளுமன்ற நூலகத்துக்காக செஞ்சு 2013ல வெளியான ஆய்வு அது. 1912ல இருந்து 1929 வரைக்கும் அமெரிக்காவுல வந்த முழுநீள மௌனப்படங்கள் 10,919. அதுல வெளியான அதே 35 எம்எம் வடிவத்துல முழுசா இருக்கிறது வெறும் 14 சதவீதம். இன்னும் கொஞ்சம் வெளிநாட்டுப் பதிப்பாவும், வீட்டுல போட்டுப் பார்க்க வித்த 16 எம்எம் மாதிரி சின்ன சுருளாவும், துண்டு துண்டாவும் கிடைக்குது. சுமார் 70 சதவீதம் சுத்தமா இல்ல. ஆக ‘பெயிண்டட் பீப்பிள்’ ஒரு விதிவிலக்கு கிடையாது, பத்துல ஏழு படத்துக்கு நடந்ததுதான் இதுக்கும் நடந்திருக்கு.

ஆனா அதே ஆய்வுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. எந்த வடிவத்துலயாவது மிஞ்சியிருக்கிற 3,311 படங்கள்ல 886 படம் அமெரிக்காவுக்கு வெளியில கிடைச்சது. காரணம் ரொம்ப எளிமை. பெட்டி ஊர் ஊரா சுத்தி கடைசியா ஒரு தூர நாட்டுல போய் நிக்கும், அங்க இருந்து கப்பல்ல திருப்பி அனுப்புற செலவு அந்தக் கந்தல் பிரிண்ட்டோட மதிப்ப விட ஜாஸ்தி, அங்கயே அழிச்சுடுங்கன்னு கம்பெனி சொல்லிடும், எல்லாரும் அழிச்சுடல. யாரோ ஒரு ஆபரேட்டர், யாரோ ஒரு சினிமா பைத்தியம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பான். அந்தத் திருட்டுக்கு சினிமா வரலாறு காலத்துக்கும் கடன்பட்டிருக்கு.

முன்னாடி சொன்ன ‘இட்’ படம் ஞாபகம் இருக்கா, அதுவும் ரொம்ப காலம் தொலைஞ்ச படம்தான். 1960கள்ல செக்கோஸ்லோவாக்கியாவோட பிராக் நகரத்துல ஒரு நைட்ரேட் பிரிண்ட் கிடைச்சதாலதான் க்ளாரா போ இன்னைக்கு நமக்கு வெறும் பேரா இல்லாம ஆளா தெரியறாங்க. காலீன் மூருக்கும் அதே ஊர்தான் கைகொடுத்துச்சு. 1927ல வந்த ‘ஹெர் வைல்ட் ஓட்’ போயே போச்சுன்னு நினைச்சிட்டு இருந்தாங்க, திரைப்பட வரலாற்றாளர் ஹ்யூ மன்றோ நீலி 2001ல பிராக் ஆவணக் காப்பகத்துல அத கண்டுபிடிச்சார். பிரிண்ட்டு நல்லா இருக்கு, ஆனா வசனத்த எழுத்துல காட்டுற டைட்டில் கார்டு எல்லாம் செக் மொழியில, அத ஆங்கிலத்துக்குத் திரும்ப மொழிபெயர்த்து, அந்தக் காலத்து நக்கல் நையாண்டி கெடாம எழுதி, புது கார்டு போட்டு ஆஸ்கர் அகாடமியோட காப்பகம் சீர்பண்ணி 2006ல திரையிட்டாங்க. இந்த ரெண்டு பேரும் ஒரே செட்டுல முட்டிக்கிட்டவங்க, ரெண்டு பேரையும் நமக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரே ஊரு, இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமா இருக்கும்.

காலீனோட 1929 படம் ‘ஒய் பி குட்’ கதை வேற மாதிரி. அது மௌனப்படம்தான், ஆனா இசையும் சத்தங்களும் தனியா பெரிய இசைத்தட்டுல வந்துச்சு. தட்டு அமெரிக்காவுல இருக்கு, படம் இல்ல. பல பத்தாண்டு கழிச்சு படத்தோட பிரிண்ட் இத்தாலியில இருக்கிறது தெரிஞ்சு, அமெரிக்காவுல இருந்த தட்டையும் இத்தாலியில இருந்த படத்தையும் சேர்த்து 2014ல திரும்பப் போட்டாங்க. நியூசிலாந்துல 2009ல கிடைச்ச அமெரிக்கப் படக்குவியல்ல ஜான் ஃபோர்டு 1927ல எடுத்த ‘அப்ஸ்ட்ரீம்’ இருந்துச்சு, நாடகக் கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கிற விடுதியில நடக்கிற கதை, அதுவும் இதே மாதிரி சிரிப்பும் நெகிழ்ச்சியும் கலந்த வகை. கனடாவோட யூகான் பகுதியில டாசன் சிட்டின்னு ஒரு ஊரு, தங்கம் தேடிப் போனவங்க ஊரு, பட விநியோகத்துல அதுதான் கடைசி ஸ்டாப். அங்க ஒரு பழைய நீச்சல் குளத்த மூடுறப்போ மண்ணோட மண்ணா ரீல்களயும் போட்டு நிரப்பியிருக்காங்க, 1978ல அந்த இடத்தத் தோண்டினப்போ 533 ரீல் வெளிய வந்துச்சு, உறைஞ்ச மண்ணு அத குளிர்சாதனப் பெட்டி மாதிரி காப்பாத்தியிருக்கு.

வெளிநாட்டுப் பிரிண்ட்ல ஒரு சங்கதி கவனிக்கணும். அந்தக் காலத்துல ரெண்டு நெகட்டிவ் தயார் பண்ணுவாங்க, ஒண்ணு உள்ளூருக்கு, ஒண்ணு வெளிநாட்டுக்கு. பக்கத்துல நிக்கிற ரெண்டாவது கேமரா எடுத்தது, இல்ல டைரக்டர் முதல்ல தேர்ந்தெடுக்காத டேக், இதெல்லாம் ரெண்டாவது நெகட்டிவுக்குப் போகும். அதனால வெளிநாட்டுல கிடைக்கிற படத்துல கோணமும் நடிப்பும் கொஞ்சம் மாறியிருக்கும், சில இடத்துல அந்த நாட்டு தணிக்கை வெட்டும் இருக்கும். அப்படி வந்தாலும் கண்ணுல ஒத்திக்கலாம்.

இனி ‘பெயிண்டட் பீப்பிள்’ எப்படிக் கிடைக்கலாம்? பெட்டி மேல பேர் எழுதி யாரும் வச்சிருக்க மாட்டாங்க. சுருள்ல முதல்ல கெடுறது பெரும்பாலும் வெளிச்சுத்து, அதாவது பட டைட்டில் வர்ற இடம், அது போயிட்டா மிச்சம் யாரோட படம்னே தெரியாது. வேற நாட்டுல வேற மொழியில புதுப் பேரு வச்சிருப்பாங்க, அந்தப் பேருல காப்பகத்துப் பட்டியல்ல தூங்கிட்டு இருக்கும். இத கண்டுபிடிக்கவே அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலம் கல்ப்பெப்பர்ங்கிற ஊர்ல ‘மோஸ்ட்லி லாஸ்ட்’னு ஒரு கூட்டம் 2012ல ஆரம்பிச்சாங்க, நாடாளுமன்ற நூலகத்தோட படக் காப்பகம் அங்கதான் இருக்கு, ஒரு காலத்துல அணுகுண்டு பயத்துல பணம் பதுக்கி வைக்கக் கட்டின நிலவறைக் கட்டிடம். அடையாளம் தெரியாத படங்கள இருட்டு ஹால்ல ஓட்டுவாங்க, மத்த தியேட்டர்ல பேசாதீங்கன்னு சொல்வாங்க, இங்க கத்தணும். ஒருத்தர் காரோட நம்பர் பிளேட்ட பார்த்து இது இந்த வருஷம்னு கத்துவார், ஒருத்தர் ஓரத்துல வர்ற குட்டி நடிகர் பேர சொல்வார், இன்னொருத்தர் லேப்டாப்ல பழைய பத்திரிகையத் தட்டி அதே சீனோட ஸ்டில்ல காட்டுவார். படத்துக்குப் பேரு திரும்பக் கிடைக்கிற அந்த நிமிஷம் இருக்கே, ஒரு உயிர் திரும்பினதுக்கு சமம்னு நான் மனசார நம்புறேன்.

அதுவரைக்கும் இந்தப் படத்த எப்படி நெருங்குறதுன்னு கேட்டா, முதல்ல யூடியூப்ல ‘முழுப்படம்’னு தலைப்புப் போட்டு வர்றத நம்பாதீங்க, ஸ்டில்லையும் வேற படத்துக் காட்சியையும் ஒட்டி வச்சிருப்பாங்க. அந்தக் காலத்து சினிமாப் பத்திரிகைகள் ஆயிரக்கணக்குல ஸ்கேன் பண்ணி மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரின்னு இலவசமா வச்சிருக்காங்க, அதுல 1924 முதல் பாதி இதழ்கள எடுத்துப் பாருங்க. ‘எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்’னு தியேட்டர்காரங்களுக்கான பத்திரிகை, அதுல சின்ன ஊர் தியேட்டர் முதலாளிகளே ஒவ்வொரு படத்துக்கும் எப்படிக் கூட்டம் வந்துச்சு, சனங்க சிரிச்சாங்களா, பிரிண்ட் எந்த லட்சணத்துல வந்துச்சுன்னு ரெண்டு மூணு வரி எழுதி அனுப்புவாங்க. விமர்சகர் எழுதினத விட எனக்கு அதுதான் பிடிக்கும், அந்த ஹாலுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். காலீன் மூர அசையிற படத்துல பார்க்கணும்னா ‘ஒய் பி குட்’ல ஆரம்பிங்க, டிவிடியே வந்திருக்கு, அவங்க முகத்துல ஒரு குறும்பு வந்து அடுத்த நொடியே கண்ணு கலங்குறத பார்த்தா ‘பெயிண்டட் பீப்பிள்’ல என்ன செஞ்சிருப்பாங்கன்னு ஓரளவு ஊகிக்கலாம். வயசானப்புறம் அவங்க பேசுறதக் கேக்கணும்னா 1980ல வந்த ‘ஹாலிவுட்’ ஆவணத் தொடர்ல பேட்டி இருக்கு.

கடைசியா ஒண்ணு, இது நம்ம ஊருக்கும் சம்பந்தப்பட்டது. 1927-28ல பிரிட்டிஷ் அரசு போட்ட சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைவரா இருந்தவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் ரங்காச்சாரியார், அவங்க அறிக்கையப் படிச்சா இந்தியாவுல ஓடின படங்கள்ல பெரும்பகுதி அமெரிக்கப் படம்தான்னு தெரியும். அதாவது அந்தப் பெட்டிகள் சுத்தின வழியில சென்னை, கல்கத்தா, பம்பாய், ரங்கூன் எல்லாம் இருந்துச்சு. நம்ம வெயிலும் மழைக்கால ஈரமும் நைட்ரேட்டுக்கு எமன்தான், இருந்தாலும் பழைய தியேட்டர் இடிக்கும்போதோ தாத்தா வீட்டுப் பரண ஒழிக்கும்போதோ துருப்பிடிச்ச வட்டத் தகர டப்பா கிடைச்சா இரும்புக் கடைக்குப் போட்டுடாதீங்க. அடுப்பு, பீடி, வெயில் எதுவும் பக்கத்துல வேண்டாம், புரொஜெக்டர்ல மாட்டிப் பார்க்கவே கூடாது, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டவும் கூடாது, வர்ற வாயு வெளிய போகணும். நிழலான இடத்துல வச்சிட்டு புனேல இருக்கிற தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்க. ஓரத்துல துளைகளுக்குப் பக்கத்துல ‘நைட்ரேட்’னு ஆங்கிலத்துல பொடி எழுத்துல அச்சாகியிருக்கும், கூடவே வட்டம், சதுரம், முக்கோணம்னு சின்னக் குறி ஏதாவது தெரிஞ்சா அதையும் குறிச்சு அனுப்புங்க, ஈஸ்ட்மேன் கம்பெனி எந்த வருஷம் அந்த ஃபிலிம உருவாக்குச்சுன்னு அந்தக் குறிய வச்சே அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க.